இடைச்செருகல்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நானும் உன் அண்ணியும் நலம். அங்கு நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் சண்டைக்கு வருகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் தண்ணீர்ப் பம்பைச் சரிசெய்ய வந்தவன், கறுப்புப் பையில் ஒரு கன்றையும் கொண்டுவந்தாய். “நட்சத்திரப் பழம்ண்ணா. ஒட்டுக்கன்னு. சீக்கிரம் காய்ச்சிடும்” என்றாய். அதன் அசல் பெயர் தமரத்தை என்று அகராதி பார்த்துத் தெரிந்துகொண்டேன். சமையலறைக்குப் பின்னால், வெயில் விழும் இடத்தில் வைத்தேன். பம்ப் மறுநாளே நின்றுவிட்டது என்பதால் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். எறும்பு ஏறினால் துடைத்தேன். காற்று அடித்தால் எழுந்துபோய் முட்டுக்கொடுத்தேன். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட ஒருவன், ஓய்வுபெற்ற பிறகு மிச்சக் கண்ணை இந்த மரத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.

சென்ற வாரம் முதல் காயைப் பறித்தேன். வெள்ளரிக்காய் நறுக்குவது போல நீளவாக்கில் நறுக்கினேன். நட்சத்திரம் இல்லை. படகு இருந்தது. இன்னொன்றை நறுக்கினேன், இன்னொரு படகு. வெளியே ஐந்து வரப்பு ஓடுகிறது என்பதற்காக நட்சத்திரம் என்று பெயர் வைப்பதானால், எங்கள் கூடத்து மின்விசிறியைச் சின்ன நட்சத்திரம் என்று சொல்ல வேண்டியிருக்கும். இந்தப் பெயரை வைத்தவனின் மெய்ப்பை யாரும் பார்க்கவில்லை.

புளிப்பைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். வாயில் போட்ட பிறகு என் முகத்தைப் பார்த்து உன் அண்ணி, “என்னங்க, யாருக்காவது ஏதாவதா?” என்று கேட்டாள்.

இதற்கு நீ பதில் சொல்ல வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். ‘இருவரும்’ என்பதை அடிக்கோடிட்டிருக்கிறேன். உங்கள் கண்ணுக்குத் தப்பாது, இருந்தாலும்.

நட்சத்திரம் உள்ளேதான் இருக்கிறது. குறுக்கே வெட்டுங்கள். ஒவ்வொரு வில்லையும் ஐந்து முனையோடு விழும். காய் பச்சையாக இருக்கும்போது பறித்தால் புளிக்காமல் என்ன செய்யும்? உடம்பு முழுக்க மஞ்சளாகி, விளிம்பு மட்டும் லேசாகப் பழுப்பு ஏறும்வரை மரத்திலேயே விடுங்கள். பிறகு பறித்தால் மணமே வேறாக இருக்கும்.

பம்ப் நின்ற விஷயத்தை இப்போதுதான் சொல்கிறீர்கள். மூன்று வருடம் குடம் சுமந்துவிட்டு மூன்று வருடம் கழித்துக் குத்திக்காட்டுவது உங்களால்தான் முடியும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எனக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நீங்கள் எழுதிய கடிதம் எதிலும் அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த கடிதத்தில் நலம் விசாரிக்கும்போது இரண்டு பேரையும் விசாரியுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

அண்ணிக்கு எங்கள் அன்பு.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் உன் முதுகுவலியும் நலமா? கேட்டுக்கொண்டபடி இரண்டு பேரையும் விசாரித்துவிட்டேன்.

குறுக்கே வெட்டச் சொல்கிறாய். ஒரு பழத்தை எந்தத் திசையில் வெட்ட வேண்டும் என்று அந்தப் பழம் எனக்கு உத்தரவு போடுவதை நான் ஏற்கவில்லை. வாழைப்பழம் அப்படிக் கேட்டதில்லை. மாம்பழம் கேட்டதில்லை. பழுக்கும்வரை விட்டால் கிளிகள் வருகின்றன. அவை எந்தத் திசையில் கடிக்கின்றன என்று பார்த்தேன். நாலாபக்கமும் கடிக்கின்றன. அவற்றுக்கும் நட்சத்திரம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

நான் மரத்தைக் குறை சொல்லவில்லை. மரம் தங்கமான மரம். காலையில் அதன் சின்னச் சின்ன ஊதாப்பூக்களைப் பார்த்த பிறகுதான் செய்தித்தாளைத் திறக்கிறேன். செய்தித்தாளில் பிழைகள் அதிகமாகிவிட்டதும் ஒரு காரணம். கொடுத்தவனைத்தான் குறை சொல்கிறேன். ஒரு கன்றைக் கொடுக்கும்போது அதை வெட்டும் முறையையும் சேர்த்துச் சொல்வது முறை. எதையும் செய்து முடித்த பிறகு சொல்வது உன் பழக்கம்.

உன் அண்ணியும் உன்னை விசாரித்தாள்.

அண்ணன்


மார்ச் 2

அண்ணனுக்கு,

நலமெல்லாம் இருக்கட்டும்.

‘செய்து முடித்த பிறகு சொல்வது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நேராகப் பேசுவோம். உங்கள் முதலாளியின் மகளை எனக்குப் பேசி முடித்திருந்தீர்கள். என்னைக் கேட்கவில்லை. நான் இங்கே பம்ப் மாட்டப் போன இடத்தில், நாற்றுப்பண்ணை நடத்துகிற ஒருத்தியைப் பார்த்தேன், கட்டிக்கொண்டேன். உங்களுக்குக் கடிதம் எழுதினேன். பயந்து பயந்து எழுதினேன். ‘திருமணம்’ என்ற சொல்லில் மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி போட்டுவிட்டேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? அந்த ஒரு எழுத்தைச் சிவப்பு மையில் திருத்தி, கடிதத்தை அப்படியே திருப்பி அனுப்பினீர்கள். வாழ்த்தும் இல்லை, திட்டும் இல்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

வேறு யாராவது அவளை விசாரிக்காமல் விட்டிருந்தால் மறதி என்று நினைத்திருப்பேன். அடிக்குறிப்பில் ஒரு காற்புள்ளி விடுபட்டாலும் அச்சு இயந்திரத்தை நிறுத்தச் சொன்னவர் நீங்கள். உங்கள் கடிதத்தில் ஓர் ஆள் விடுபட்டால் அது விடுபட்டதில்லை. நீக்கியது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கன்று நான் கடையில் வாங்கியதில்லை. அவள் ஒட்டுக்கட்டியது. “உங்கண்ணன் வீட்டுக்கு வெறுங்கையோடயா போவீங்க?” என்று கேட்டுப் பையில் வைத்துக் கொடுத்தாள். யார் கொடுத்தது என்று சொன்னால் நீங்கள் குழி தோண்டியிருக்க மாட்டீர்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். மூன்று வருடமாக நீங்கள் குடம் சுமந்தது அவள் மரத்துக்கு. காலையில் செய்தித்தாளுக்கு முன்னால் பார்ப்பது அவள் பூவை.

இனி நறுக்குங்கள், நீளவாக்கிலோ குறுக்குவாக்கிலோ.

தம்பி


மார்ச் 25

தம்பிக்கும் தங்கச்சிக்கும் அண்ணி எழுதுவது. இங்கு உடம்புகள் நலம். மற்றதைக் கீழே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று உங்கள் அண்ணன் அதைப் படித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். கடிதம் நனைந்துவிட்டது. காயவைத்து நான் படித்தேன். அன்றிலிருந்து மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறார். மரம் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

தண்ணீரை நான் ஊற்றினேன். அதற்கும் சண்டை.

“யாரைக் கேட்டு ஊத்தறே?”

“நீங்க வாசலுக்கு வர்ற பூனைக்குப் பால் ஊத்தறீங்களே, அது எந்த வீட்டுப் பூனைன்னு கேட்டா ஊத்தறீங்க?”

“அது பூனை.”

“இது மரம்.”

நாற்காலியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அவசரப்பட்டுப் பறிக்க ஆள் இல்லாததால் கிளிக்குப் போக மிச்சமெல்லாம் நன்றாகப் பழுத்தது. ஒன்றைக் குறுக்கே வெட்டினேன் தம்பி. தட்டு நிறைய நட்சத்திரம். மேலே உப்பும் மிளகாய்த்தூளும் தூவி அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது தட்டு காலி. “நல்லாயிருந்துச்சா?” என்றேன். “உப்பு அதிகம்” என்றார்.

தங்கச்சி, இந்த வரி உனக்கு. இந்த வீட்டிலிருந்து இத்தனை வருடத்தில் ஒரு கடிதத்தில்கூட உன்னை ஒரு வார்த்தை விசாரிக்காதது எனக்கு அவமானமாக இருக்கிறது. அவர் எழுதட்டும் என்று நானும் காத்திருந்தது என் தப்பு. நல்லா இருக்கியாம்மா?

அண்ணி


ஏப்ரல் 9

மதிப்பிற்குரிய ஐயா,

நான் உங்கள் தம்பியின் மனைவி. நலமாக இல்லை. நீங்கள் நலமா என்று கேட்கும் மனநிலையிலும் இல்லை.

அக்காவின் கடிதத்தில் என்னையும் சேர்த்து எழுதியிருந்ததால் நானே பிரித்துப் படித்தேன். உங்கள் வீட்டுக் கடிதம் ஒன்றை நான் என் கண்ணால் படிப்பது இதுதான் முதல் தடவை. இதுவரை உங்கள் தம்பிதான் படித்துக் காட்டுவார். நான் பண்ணையிலிருந்து வந்து கைமண்ணைக் கழுவிக்கொண்டிருப்பேன். அவர் குழாயடியில் நின்று படிப்பார். ஒவ்வொரு கடிதமும் என்னை விசாரித்துத்தான் முடியும். நானும் ஒவ்வொரு தடவையும், “நல்லாயிருக்கேன்னு எழுதுங்க, அவங்க உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க” என்பேன். நான்கு வருடமாக நீங்கள் விசாரிக்காத விசாரிப்புக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பண்ணையில் வேலை செய்பவர்களிடம், “எங்க வீட்டுக்காரரோட அண்ணன் படிச்சவர், எவ்வளவு பதவிசா எழுதறார் தெரியுமா” என்று பெருமையடித்திருக்கிறேன். எனக்கு இப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உங்கள் தம்பியிடம் நான் பேசுவதில்லை. அது எங்கள் சண்டை. உங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேலை.

மரத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

மனிதர்கள் மேல் இருக்கும் கோபத்தில் மரத்துக்குத் தண்ணீரை நிறுத்தும் வீட்டில் என் மரம் இருக்க வேண்டாம். வேரோடு மண்கட்டி உடையாமல் தோண்டி எடுத்து வேறு இடத்தில் வைக்க எனக்குத் தெரியும். இதைவிடப் பெரிய மரங்களை இடம் மாற்றியிருக்கிறேன். மழை தொடங்கும் முன் வண்டியும் ஆட்களும் அனுப்புகிறேன். அதுவரை தண்ணீர் ஊற்றச் சொல்லி அக்காவிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் கேட்கவில்லை.

இப்படிக்கு,
நாற்றுப்பண்ணைக்காரி


ஏப்ரல் 18

தம்பி,

உன் நலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் எழுதாத வாக்கியங்களை நான் எழுதியதாகச் சொல்லிப் படித்திருக்கிறாய். இதற்கு என்ன பெயர் தெரியுமா? இடைச்செருகல். செத்துப்போனவர்களின் நூல்களில்தான் அதைச் செய்வார்கள். எதிர்த்துக் கேட்க ஆள் இருக்காது என்ற தைரியத்தில் செய்வார்கள். உயிரோடு, ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் எழுத்தில் கை வைத்த முதல் ஆள் நீதான். அடுத்தவர் எழுத்தில் ஒரு சொல்லைக்கூடச் சொந்தமாகச் சேர்த்ததில்லை என்பது ஒன்றுதான் நான் என் வாழ்க்கையில் பெருமைப்படும் விஷயம். அதற்கு என் வீட்டிலேயே இந்த மரியாதை.

திருத்திய கடிதத்தைத் திருப்பி அனுப்பினேன் என்று கோபப்படுகிறாய். நான் எழுத்தைத்தான் திருத்தினேன். நீ ஆளையே திருத்தி எழுதியிருக்கிறாய். அந்தப் பெண் என்னை யாரோ என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது நான் அந்த யாரோவாக இல்லை என்று என்னிடமே கோபப்படுகிறாள். நான் செய்யாத நல்ல காரியங்களை நான் நிறுத்திவிட்டது போல ஆகிவிட்டது.

என்ன எழுதினேன் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். எந்தெந்தச் சொற்களில் விசாரித்தேன், எப்போது, எந்தக் கடிதத்தில்? நினைவிருப்பதையெல்லாம் எழுதி அனுப்பு. இலக்கணப் பிழையோடு விசாரித்திருந்தால் அதையும் மறைக்காதே.

மரத்தை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

அண்ணன்


ஏப்ரல் 27

அண்ணனுக்கு,

கேட்டீர்கள், சொல்கிறேன். எனக்கும் இனிக் காப்பாற்ற எதுவும் இல்லை. வீட்டில் அவள் செடிகளிடம் பேசுகிறாள், அடுத்த வீட்டு நாயிடம் பேசுகிறாள். “சாப்பாடு மூடி வெச்சிருக்கு” என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொல்கிறாள். சுவர் வந்து சாப்பிடாததால் நான் சாப்பிடுகிறேன்.

முதலில் சின்னதாகத்தான் ஆரம்பித்தேன். ‘உன் மனைவி நலமா’ என்று மட்டும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, “என்னையா கேட்டிருக்காங்க? இன்னொரு தடவை படிங்க” என்றாள். மறுபடி படிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு வெறும் ‘நலமா’ போதவில்லை. அவள் மழையில் நனைந்து காய்ச்சலில் கிடந்தபோது, ‘வேலையை ஆட்கள் பார்க்கட்டும், அவளை வெளியே விடாதே’ என்று கண்டித்து எழுதியிருந்தீர்கள். பண்ணையில் திருட்டுப் போனபோது, ‘தைரியமாக இருக்கச் சொல்’ என்றீர்கள். இலக்கணப் பிழை இருந்திருக்காது. உங்கள் மாதிரியே பேசிப் பேசிப் பழகிவிட்டது.

போன வருடம் அவள் அம்மா இறந்துபோனார். அதை நான் உங்களுக்கு எழுதவில்லை. எழுதி, நீங்கள் அதற்கும் ஒன்றும் சொல்லாமல் விட்டால் என்ன செய்வேன் என்று பயந்தேன். அந்த வாரம் உங்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டு பக்கமும் மரத்தில் ஏறும் எறும்பைப் பற்றியது. அவள் எதுவும் சாப்பிடாமல் படுத்திருந்தாள். அந்த எறும்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நம் அம்மா போனபோது உங்களுக்கும் சோறு இறங்கவில்லை, துக்கத்தைச் சீக்கிரம் தீர்க்க வேண்டும் என்று யாரும் அவசரப்படுத்தக் கூடாது, அதற்காகப் பட்டினி கிடக்கவும் கூடாது என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். படித்து முடித்ததும் எழுந்து உட்கார்ந்து, “உங்கண்ணன் சொன்னதுக்காகச் சாப்பிடறேன்” என்றாள்.

அந்தக் கடிதங்களில் நீங்கள் ரொம்ப நல்ல மனிதர், அண்ணா. எனக்கே உங்களை மிகவும் பிடித்திருந்தது. அதனால்தான் நிறுத்த முடியவில்லை. அசல் கடிதத்தை மடித்து வைக்கும்போதெல்லாம் உங்கள் மேல் வரும் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றும் தெரியவில்லை.

தம்பி


மே 20

தம்பி மனைவிக்கு,

எப்படித் தொடங்குவது என்பதிலேயே தாள்கள் வீணாகிவிட்டன. என் கோபங்களை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். பதில் சொல்வதானால் சொல்.

நீ எனக்கு ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று எழுதியிருக்கிறாய். உன் பண்ணைக்கு உரம் கொண்டுவருகிறவருக்கு எழுதுவது போல. இந்தத் தெருவில் பால் போடுகிறவர்கூட என்னை ஐயா என்று கூப்பிடுவதில்லை. நான் உன் புருஷனுடன் கூடப் பிறந்தவன். உறவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அது என்ன என்று உன் அக்காவிடம் கேட்டேன். “அத்தான்னுதான் கூப்பிடணும்” என்றாள். “எங்க பக்கத்துல மாமான்னு கூப்பிடுவாங்க” என்றேன். “எந்தப் பக்கம்? நீங்களும் நானும் ஒரே பக்கந்தானே இருக்கோம்?” என்றாள். அது தீரவில்லை. எது உன் வாயில் வருகிறதோ அதை எழுது. ஐயா கூடாது. ‘நாற்றுப்பண்ணைக்காரி’ என்ற கையெழுத்தும் கூடாது. என் மேல் கோபப்பட வேண்டுமானால் உறவுக்காரியாகக் கோபப்படு. வெளியாளாகக் கோபப்பட உனக்கு உரிமை இல்லை.

உன் கணவன் மேல் எனக்கு இருக்கும் கோபம் வேறு. நான் எழுதியதாக அவன் படித்ததையெல்லாம் எழுதி அனுப்பியிருந்தான். பிழை தேடித்தான் படிக்க உட்கார்ந்தேன். உன் அம்மாவைப் பற்றிய பத்தியில் ஒரு பிழையும் இல்லை. எழுதியிருக்க வேண்டியவன் நான். அவன் எழுதிவிட்டான். அதன் பிறகு நான் தனியாக உட்கார்ந்து உன் அம்மாவைப் பற்றி எழுதிப் பார்த்தேன். என்ன எழுதினாலும் அவன் எழுதியதைவிட மோசமாகவே இருக்கிறது. அடுத்தவர் எழுத்திலேயே வாழ்க்கையைக் கழித்தவனுக்குச் சொந்தமாக ஒன்று எழுத வேண்டிய நாளில் சொல் வரவில்லை. இதைவிட எரிச்சல் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை. ஆகவே வெறுமனே கேட்கிறேன். உன் அம்மாவுக்கு என்ன உடம்புக்கு? ரொம்பக் கஷ்டப்பட்டாரா? யாராவது பக்கத்தில் இருந்தீர்களா? எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

மரத்தைத் தர முடியாது. தண்ணீர் நிறுத்தியது தப்பு. இப்போது ஊற்றுகிறேன். நாற்காலி பழைய பக்கமே திரும்பிவிட்டது. இந்தத் தடவை காய்ப்பு தாங்கவில்லை. கொத்துக்கொத்தாகப் பிடித்து, தெற்குப் பக்கத்துக் கிளை நேற்று பாரத்தில் கவட்டையில் பிளந்துவிட்டது. இன்னும் ஒடியவில்லை, தொங்குகிறது. அச்சகத்தில் கட்டு கட்டும் சணல்நூல் வீட்டில் இருந்தது. அதைக்கொண்டு இறுக்கிச் சுற்றிக் கட்டிவிட்டேன். அந்தக் கிளையிலிருந்து ஒரு பழத்தை உன் அக்கா குறுக்கே வெட்டிக் கொடுத்தாள். இனிப்பாக இருந்தது. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

நீ நலமா? இதை நான்தான் எழுதுகிறேன். சந்தேகம் இருந்தால் கையெழுத்தைப் பார். உன் கணவனை விசாரிக்கவில்லை.

இப்படிக்கு,
நீ சொல்லப் போகும் உறவு


மே 27

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டவா என்று உங்கள் தம்பி கேட்டார். நானே படித்துக்கொள்கிறேன் என்றேன். ஏழு வாரத்தில் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

கோபம் தீரவில்லை. அம்மாவைப் பற்றிக் கடிதத்தில் எழுத மாட்டேன். அதைக் காகிதத்தில் வாங்கியது போதும். நேரில் கேளுங்கள், சொல்கிறேன். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். தனியாகத்தான் வருகிறேன், மண்வெட்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். மரத்தைத் தோண்டுவதா வேண்டாமா என்பதை வந்து பார்த்துத்தான் சொல்வேன். உங்கள் வீட்டுப் பம்பையும் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அவர் சரிசெய்ததை நான் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நீங்கள் செய்திருக்கும் காரியத்துக்கு வருகிறேன். பச்சைக் கிளையை யாராவது சணல்நூலால் இறுக்கிக் கட்டுவார்களா? இத்தனை படித்திருக்கிறீர்கள். நூல் பட்டையை அறுத்து உள்ளே இறங்கிவிடும், கிளை செத்துப்போகும். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும் எழுந்துபோய் அதை அவிழுங்கள். அந்தக் கிளையில் இருக்கும் காயையெல்லாம் பறித்துவிடுங்கள், பச்சையானாலும் பரவாயில்லை. பாரம் குறைய வேண்டும். கவட்டைக்குக் கீழே ஒரு கம்பை முட்டுக்கொடுத்து, பழைய துணியை அகலமாக மடித்துப் பிளவைச் சேர்த்துப் பிடித்துக் கட்டுங்கள். அக்கா கட்டட்டும். நீங்கள் கட்ட வேண்டாம். கிளையைக் கையால் தாங்கிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள், அது போதும்.

நான் வரும்வரை விட்டுவிடாதீர்கள்.